எழுத்துப் பிழைக்குக் கொதிப்பவர்கள் தகட்டுப் பிழைக்கு ஏன் வாய் திறப்பதில்லை?

வீதியோரப் பெயர்ப்பலகை ஒன்றில் தமிழ் பிழையாக எழுதப்பட்டிருந்தால் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. படம் எடுக்கிறோம், உலகம் முழுவதற்கும் அனுப்புகிறோம், அமைச்சருக்கு மனுக் கொடுக்கிறோம். நியாயமான கோபம்தான். நானும் முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைப் பத்திகளில் அந்தக் கோபத்தை எழுதி வந்தவன். ஆனால் அந்த எழுத்தைத் தாங்கி நிற்கும் தகடே பிழையானது என்றால்? ஓராண்டு வெயிலில் வெளுத்து, இரண்டாம் மாரியில் உரிந்து, மூன்றாம் ஆண்டில் எழுத்தே இல்லாத வெற்றுப் பரப்பாக நிற்குமானால்? அப்போது யாரும் படம் எடுப்பதில்லை. 'பலகை செய்தவன் ஏமாற்றிவிட்டான்' என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பலகை செய்தவன் ஏமாற்றவில்லை. பல வேளைகளில் முதலில் ஏமாற்றப்பட்டவன் அவன்தான் என்பதே நான் இங்கு சொல்ல வருவது.

இரணைமடுப் பகுதியில் பெயர்ப்பலகை செய்யும் சிறு தொழிலாளர் சிலரை நான் அறிவேன். போருக்கு முன் தூரிகையும் எனாமல் வர்ணமும் கொண்டு எழுதியவர்களும், மீள்குடியேற்றத்தின் பின் கடன்பட்டு இயந்திரம் வாங்கியவர்களும் அவர்களுள் உள்ளனர். இன்று அவர்கள் கையாளும் பொருள்கள் வேறு: ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகடு, அக்றிலிக் தாள், பி.வி.சி. நுரைப்பலகை, ஒளி தெறிக்கும் ஒட்டுத்தாள், நாகம் பூசிய தகரம். இவற்றில் ஒன்றுகூட வன்னியில் உற்பத்தியாவதில்லை. ஏறத்தாழ எல்லாமே முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பிலிருந்து ஏ9 வீதி வழியே லொறியில் வருகின்றன. வந்து இறங்கும்போது சுற்றுத்தாள் பிரிக்கப்படுவதில்லை. பணமோ முன்னரே போய்விட்டது.

பிரித்துப் பார்க்கும்போதுதான் கதை தொடங்குகிறது. நான்கு மில்லிமீற்றர் என்று வாங்கியது மூன்றே சொச்சம். ஒரே கட்டில் வந்த இரு தகடுகளை அருகருகே வைத்தால் இரு வேறு நீலம். பாதுகாப்புப் படலத்தை உரித்தால் பசை தகட்டோடு நின்றுவிடுகிறது. தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் வழங்குநரிடமிருந்து மூன்று பதில்களுள் ஒன்று வரும். 'வெட்டிப்போட்டீர்கள், இனித் திருப்பி எடுக்க முடியாது' என்பது முதலாவது. 'எங்களுக்கு வந்ததே அப்படித்தான், கம்பனியின் குறை' என்பது இரண்டாவது. 'அடுத்த ஓடரில் பார்த்துக் கழிப்போம்' என்பது மூன்றாவது.

இந்த மூன்று பதில்களையும் சற்று உரசிப் பார்ப்போம். வெட்டாமல் உள்ளிருப்பதைக் காண முடியாத பொருளை, வெட்டியதால் திருப்பி எடுக்கமாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்? 'கம்பனியின் குறை' என்றால் அந்தக் கம்பனியிடம் கேட்கவேண்டியவர், அதனோடு வணிக உறவு வைத்திருக்கும் இறக்குமதியாளரா, அதன் முகவரியே அறியாத இரணைமடுத் தொழிலாளியா? 'அடுத்த ஓடரில் கழிப்போம்' என்பதோ மூன்றினுள்ளும் கொடியது. நட்டத்தைத் தீர்க்கும் வாக்குறுதி போலத் தோன்றினும், உண்மையில் அது அவனை அதே கடையில் கட்டிப்போடும் கயிறு. கழிவு வேண்டுமானால் மீண்டும் அவரிடமே வாங்கவேண்டும். வாங்கும் பொருள் மீண்டும் அதே தரத்தில் இருக்கும்.

நீதி பேசுகிறவன் தொழில்நுட்பத்தையும் பேசவேண்டும். எல்லா வேறுபாடும் குறைபாடு அன்று. வார்ப்பு முறையில் செய்த அக்றிலிக் தாளுக்கு ஐ.எஸ்.ஓ. 7823 என்னும் சர்வதேச நியமம் தாராளமான தடிப்பு விலக்கு அளிக்கிறது. மூன்று மில்லிமீற்றர்த் தாள் 0.7 மில்லிமீற்றர் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 2.3 ஆக அளந்தாலும் அது நியமத்துக்கு உட்பட்டதே. அழுத்தித் தள்ளும் முறையில் செய்த தாளுக்கோ விலக்கு மிகக் குறைவு. ஆகவே வாங்கியது எந்த வகை என்று தெரியாமல் சண்டை பிடிப்பதில் பொருளில்லை. வகை பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம். அழுத்தித் தள்ளிய தாளை 'வார்ப்பு' என்று விற்றால், லேசர்க் கதிரால் வெட்டிய விளிம்பில் கரைப்பான் பட்டவுடன் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. பழி வெட்டியவன் கைக்குப் போகிறது.

அலுமினியக் கூட்டுத் தகட்டில் சூட்சுமம் தோலில் இருக்கிறது. நடுவே பொலித்தீன் உள்ளீடு. இரு பக்கமும் மெல்லிய அலுமினியத் தோல். நல்ல பெயர்ப்பலகைத் தகட்டில் ஒவ்வொரு தோலும் 0.3 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 0.1 மில்லிமீற்றர்த் தோலுடனும் சந்தையில் தகடு உண்டு. இரண்டும் வெளியே 'நான்கு மில்லிமீற்றர்' தான்! கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு தராசுக்குத் தெரியும். எட்டடிக்கு நான்கடித் தகட்டின் பரப்பு ஏறத்தாழ மூன்று சதுர மீற்றர். அலுமினியத் தடிப்பில் ஒவ்வொரு 0.1 மில்லிமீற்றரும் தகடு ஒன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிலோ எடை. கணக்குப் போட்டால் முதல் வகை 14 கிலோவுக்கு மேல் நிற்கும். இரண்டாவது 12 கிலோவைச் சற்றே தாண்டும். நெல் நிறுக்கும் தராசே போதும், ஐயம் கொள்வதற்கு. உள்ளீட்டில் சுண்ணத்தூள் கலந்திருந்தால் எடை ஏமாற்றக்கூடும். ஆகவே ஒரு மூலையை உரித்துத் தோலை நுண்மானியால் அளந்து உறுதிசெய்யவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தகட்டின் படலத்தில் அம்புக்குறி அச்சிடப்பட்டிருப்பது அழகுக்காக அன்று. எல்லாத் தகடுகளையும் ஒரே திசையில் பொருத்தாவிட்டால் வெயிலில் நிறம் வேறாகத் தெரியும். பொருத்தியபின் படலத்தை மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் அது ஒட்டிக்கொள்ளும். நாகம் பூசிய தகரத்தை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் வெள்ளைத் துரு பிடிக்கும். இவை தொழிலாளியின் கையில் நேரும் பிழைகளாகவும் இருக்கலாம். வரும்போதே இருந்த குறைகளாகவும் இருக்கலாம். எது எது என்று பிரித்தறிய ஒரே வழி, இறக்கிய அன்றே பார்த்துப் பதிவதுதான்.

'ஒரு பலகைக்கா இவ்வளவு?' என்று சிலர் கேட்பர். கேட்பவர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம்; வன்னியில் இருக்க முடியாது. ஏனெனில் வன்னியில் பலகை என்பது வெறும் விளம்பரம் அன்று. இலங்கை 2017 டிசம்பர் 13 அன்று ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. மிதிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1. அதுவரை சிவப்புப் பலகைகள் நிற்கவேண்டிய காணிகள் இந்த மண்ணில் உள்ளன. மரபு ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் 1996 ஆம் ஆண்டுத் திருத்திய நெறிமுறை, மிதிவெடிப் பலகை எப்படி இருக்கவேண்டும் என்று அளவும் நிறமும் சொல்கிறது. முக்கோணமானால் 28 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது; சதுரமானால் பக்கம் 15 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது; நிறம் சிவப்பு அல்லது செம்மஞ்சள்; விளிம்பு ஒளி தெறிக்கும் மஞ்சள். அந்தப் பகுதி மக்களின் மொழியும் அதில் இருக்கவேண்டும். உலக நாடுகள் கூடியிருந்து ஒரு சிறு தகட்டின் நிறத்தைப் பற்றி ஏன் பேசினார்கள்? விறகு பொறுக்கப் போகும் ஒருவருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்பது அந்தத் தகடு மட்டுமே என்பதனால்தான். மலிவு மையில் வெயிலுக்கு முதலில் வெளுப்பவை சிவப்பும் மஞ்சளும் என்பதைத் தொழில் தெரிந்த எவரும் சொல்வர்.

இரணைமடுவையே பாருங்கள். கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கிக் கட்டப்பட்ட குளம் அது. அண்மைக்காலப் புனரமைப்பின் பின் 2018 டிசம்பர் தொடக்கத்தில் சனாதிபதி வந்து திறந்து வைத்தார். அதே மாதம் 21, 22 ஆம் திகதிகளில் பெருமழை கொட்டி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, முன்கூட்டியே ஏன் திறக்கவில்லை என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. அந்த விவாதத்துள் நான் இப்போது புகவில்லை. ஆனால் கதவு திறக்கும் குளத்தின் கீழே, சுழியும் ஆழமும் உள்ள இடங்களில், நீர்மட்டம் குறிக்கும் அளவுகோலில், எழுத்தும் இலக்கமும் தெளிவாக நிற்கவேண்டாமா? இரவில் வாகன விளக்கு பட்டவுடன் ஒளிரவேண்டிய ஒட்டுத்தாள், மலிவு வகையாக இருந்து ஒளிராமற் போனால், அதற்கு விலை கொடுப்பவர் யார்? வழங்குநர் அல்லர்.

தகட்டுக் குறை உயிர்க் குறையாக மாறும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று இலண்டன் கிரென்பெல் கோபுரம். 2017 ஜூன் 14 அன்று அந்தக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டனர். தீயைச் சுவர் வழியே மேலேற்றியது, வெளிப்புறத்தில் பொருத்தியிருந்த பொலித்தீன் உள்ளீடு கொண்ட அலுமினியக் கூட்டுத் தகடு. நம் ஊர்க் கடைமுகப்பில் தொங்கும் பலகையின் அதே குடும்பம்! 2024 செப்டெம்பர் 4 அன்று வெளியான விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, தகடும் வெப்பக்காப்பும் செய்து விற்றவர்களின் திட்டமிட்ட நேர்மையீனத்தை ஒளிவுமறைவின்றிக் கண்டித்தது. தகட்டின் ஆபத்து முழுமையாகத் தெரிந்திருந்தும் அதைச் சந்தையிடமிருந்து வேண்டுமென்றே மறைத்தனர் என்றும் சொன்னது. சட்டமும் பரிசோதனைக்கூடமும் பத்திரிகையும் நிறைந்த நாட்டிலேயே இது நடந்ததென்றால், கேட்பாரற்ற இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

நாம் ஒருபோதும் கேட்டதில்லை என்றும் சொல்ல முடியாது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் என்று ஓர் அரச திட்டம் வந்தது நினைவிருக்கும். இரும்புச் சட்டமும் தகடும் கொண்ட வீடு. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. வழங்குநர் ஆர்செலர்மிட்டல் என்னும் பன்னாட்டு நிறுவனம். மாதிரி வீட்டைக் காட்டியபோது நம்மவர் சும்மா இருக்கவில்லை. நம் வெக்கைக்கு இது ஆகுமா, எத்தனை ஆண்டு நிற்கும், பழுதானால் யார் திருத்துவது என்று கேட்டனர். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் குறைகளை ஆராய்ந்து சொன்னார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் உள்ளிட்டோர் எதிர்த்தனர். திட்டம் வந்த வடிவில் நிறைவேறவில்லை. இதற்கு மாறாக, இந்திய வீட்டுத் திட்டத்தில் பயனாளிக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணை முறையில் கொடுக்கப்பட்டு, வீட்டை அவரே கட்டினார். அதிலும் குறைகள் இருந்தன. ஆனால் கல்லையும் மண்ணையும் தட்டிப் பார்த்து வாங்கும் உரிமை வீட்டுக்காரர் கையில் இருந்தது. பணம் கொடுத்துவிட்டு எது வந்தாலும் ஏற்பது ஒரு முறை. பார்த்து அளந்து ஏற்பது மற்றொரு முறை. 21 இலட்சம் ரூபா வீட்டுக்குப் பொருந்திய நியாயம் சில ஆயிரம் ரூபாத் தகட்டுக்கும் பொருந்தும்.

வழங்குநர் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 'மலிவாகக் கேட்கிறார்கள், மலிவாகக் கொடுக்கிறோம். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது நாங்கள் மட்டும் எப்படிப் பழைய தரத்தைப் பழைய விலைக்குக் கொடுப்பது?' இதில் பாதி உண்மை. மலிவுப் பொருள் விற்பது குற்றம் அன்று. ஒரு நாள் கூட்டத்துக்கான அறிவிப்புக்கு 0.1 மில்லிமீற்றர்த் தோல் தாராளமாகப் போதும். மலிவை மலிவு என்று சொல்லி விற்பவர் வணிகர். மலிவை உயர்தரம் என்று சொல்லி விற்பவர் வேறு. எங்கள் குறைபாடு விலையைப் பற்றியது அன்று, சொல்லைப் பற்றியது.

குற்றத்தின் மறுபாதி வேறிடத்தில் இருக்கிறது. திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் சங்கங்களும் பலகைக்கு விலைகோரும் பத்திரத்தைப் பாருங்கள். நீளம் இத்தனை அடி, அகலம் இத்தனை அடி, வாசகம் இணைக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான்! தகட்டின் வகை இல்லை. தோலின் தடிப்பு இல்லை. ஒட்டுத்தாளின் தரம் இல்லை. எத்தனை ஆண்டு நிற்கவேண்டும் என்று இல்லை. குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. பணம் மூன்று மாதம் கழித்து. இப்படிக் கேட்டால் நேர்மையான தொழிலாளி தோற்பான். வென்றவனும் மலிவுத் தகடு தேடியே ஆகவேண்டும். நேர்மையீனத்துக்கு விலைகோரிவிட்டு நேர்மை வரவில்லையே என்று அழுவதில் அர்த்தமில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் நூறாண்டுக்கு மேல் பழையது. விவரித்து விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்கவேண்டும். மாதிரி காட்டி விற்றது மாதிரிக்கு ஒத்திருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விற்றவர் அளித்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி முறையிட வழி செய்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியதும் வியாபாரியின் கடமை. சிறு தொகைப் பிணக்குகளுக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் உள்ளன. சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லை என்போர்க்கு அதுவே வாசல். அரசோடு தமிழில் எழுதும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கொழும்பு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவதற்கு எவரும் தயங்கவேண்டியதில்லை.

ஆனால் 'தகடு 10' என்று மட்டும் எழுதிய துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு எந்தச் சட்டமும் எதையும் செய்ய முடியாது. எதை விற்பதாகச் சொன்னார் என்பதே எழுத்தில் இல்லாதபோது, அதற்கு மாறாக விற்றார் என்று எப்படி நிறுவுவது? மோசடியின் உயிர்நாடி அந்த வெற்றுப் பற்றுச்சீட்டில்தான் இருக்கிறது.

ஆகவே தொழிலாளருக்கு நான் சொல்வது இது. பணம் அனுப்புமுன் வகை, மொத்தத் தடிப்பு, தோல் தடிப்பு, பூச்சின் வகை, உற்பத்தித் தொகுதி இலக்கம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கைத்தொலைபேசிச் செய்தியாக வந்தாலும் அது ஆவணமே. லொறி நிற்கும்போதே கட்டை அவிழ்த்து ஒரு தகட்டை நிறுங்கள். மூலையை அளந்து படம் எடுங்கள். ஒரு வேலைக்கு ஒரே தொகுதியில் வாங்குங்கள். ஐயம் வந்தால் ஒரு தகட்டுக்கு மேல் வெட்டாதீர்கள். வெட்டிய துண்டில் ஒன்றை, திகதி எழுதி எடுத்து வையுங்கள். தனியே கேட்டால் 'வேண்டுமென்றால் வாங்கு' என்பார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள இருபது பேர் கூடி ஒரே கடிதத்தில் கேட்டால் தொனி மாறும். இரணைமடுவில் கமக்காரர் அமைப்புகள் இல்லாமல் வாய்க்காலில் ஒரு சொட்டு நீர் முறையாகப் பங்கிடப்பட்டிருக்குமா? அந்தப் பாடம் அதே ஊரில் இருக்கிறது. கற்றுக்கொள்ளக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு சொல். ஊர்ப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் கோயிலுக்கும் பலகை போடப் பணம் அனுப்புகிறீர்கள். பலகை நட்ட அன்று எடுத்த படம் உங்களுக்கு வந்து சேர்கிறது. அதில் உங்கள் பெற்றோரின் பெயர் பளபளக்கிறது. அடுத்த முறை படத்தோடு பற்றுச்சீட்டின் பிரதியையும் கேளுங்கள். தகடு என்ன வகை என்று கேளுங்கள். நல்ல தகட்டுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்கவேண்டி வந்தால் கொடுங்கள். இரண்டாண்டில் அழியும் பெயரை மீண்டும் எழுதுவதைவிட அது மலிவு.

எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு தூரிகை போதும். தகட்டுப் பிழையைத் திருத்தப் பற்றுச்சீட்டில் ஐந்து சொற்கள் கூடுதலாக எழுத வேண்டும். அந்த ஐந்து சொற்களை எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.